முன்பின் தெரியாதவருக்கு எழுதுவது: ஒரு கடித வடிவத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

முன்பின் தெரியாத ஒருவருக்கு, அவர் கேட்காமலேயே, நம் காரியமாக ஒரு கடிதம் எழுதுகிறோம். எழுதுகிறவரிடம் ஒரு தேவை இருக்கிறது. பெறுகிறவரிடம் அதைத் தீர்க்கிற அதிகாரம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தாள்; இன்றைக்கு என்றால் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்குகிற சில நூறு எழுத்துகள். லிங்க்ட்இன் மாதிரியான தொழில்முறைத் தொடர்புத் தளங்களில் இதற்கு 'கோல்ட் அவுட்ரீச்' என்று பெயர். யாரைக் குறிவைத்து எழுதுகிறோமோ அவர் 'ப்ராஸ்பெக்ட்'. எப்படி எழுதினால் பதில் வரும் என்று சொல்லித்தர கையேடுகள், பயிற்சி வகுப்புகள், வீடியோக்கள் என்று தனியாக ஒரு தொழிலே நடக்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கல்லூரி முடித்த பிள்ளைகள், பெரும்பாலும் அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள், 'அண்ணே, இந்த மெசேஜைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க' என்று போனை நீட்டுகிறார்கள். வாங்கிப் படித்தால் எல்லாம் ஒரே கடிதம். 'உங்கள் பயணம் என்னை மிகவும் ஈர்த்தது' என்று தொடங்கும். பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியுமா என்று முடியும். யாருடைய பயணம், எது ஈர்த்தது, எதற்குப் பதினைந்து நிமிடம், எதுவும் இருக்காது. பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிரதியை அவர்கள் எழுதவில்லை. அந்தப் பிரதிதான் அவர்களை எழுதிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அதற்கு ஒரு வரலாறு இருந்தாக வேண்டும். அந்த வரலாற்றில் யாருக்குப் பதில் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் என்று கேட்டாக வேண்டும்.

2

முதலில் காசு விஷயத்தைப் பேசிவிடலாம். தெரியாதவருக்கு எழுதுவதற்கு யார் செலவு செய்வது?

பிரிட்டனில் 1840க்கு முன்பு தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுகிறவர்தான் கட்டினார். தூரம், தாளின் எண்ணிக்கை இரண்டையும் வைத்துக் கட்டணம். ஆக, முன்பின் தெரியாதவருக்குக் கடிதம் போடுவதே அவர் பையில் கைவிடுகிற காரியம். ரோலண்ட் ஹில்லின் சீர்திருத்தத்தால் 1840இல் ஒரு பென்னி முன்கட்டணம் வந்தது. செலவு அனுப்புகிறவர் தலைக்கு மாறியது. இந்தியாவில் 1854இல், தூரம் எவ்வளவானாலும் கால் தோலா எடைக்கு அரையணா என்று ஒரே கட்டணம் வைத்தார்கள். அப்புறம்தான் ஒரு குமாஸ்தா ஒரு பேராசிரியருக்கு எழுதலாம் என்கிற நினைப்பே சாத்தியமாகிறது. இதை ஜனநாயகம் என்று சொல்லலாம். ஓரளவுக்கு ஜனநாயகம்தான்.

1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்கக் கணினிக் கம்பெனியின் விற்பனை ஆள் ஒருவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை ஒரே நேரத்தில் அனுப்பினார். அனுப்புகிறவருக்குச் செலவு அநேகமாகச் சைபர். செலவு மறுபடி பெறுகிறவர் தலையில் விழுந்தது. ஆனால் இந்தமுறை காசாக அல்ல, கவனமாக. ஆயிரம் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேர் பதில் போடமாட்டானா என்கிற கணக்கு இங்கிருந்து தொடங்குகிறது. மீதி 990 பேருடைய நேரம் அந்தக் கணக்கில் வருவதில்லை.

லிங்க்ட்இன் 2003 மே மாதம் திறக்கப்பட்டது. 2016இல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. தொடர்பில் இல்லாதவருக்கு நேராக எழுத வேண்டுமானால் அங்கே காசு கட்டி 'இன்மெயில்' வாங்க வேண்டும். இந்தக் காசு தபால் சுமக்கிறவருக்குப் போவதில்லை, கடிதம் பெறுகிறவருக்கும் போவதில்லை. வாசலுக்குச் சொந்தக்காரனுக்குப் போகிறது. மனிதர்கள் எழுதிப்போட்ட தங்கள் சொந்த வாழ்க்கைக் குறிப்புகளைக் கொண்டு கட்டிய வாசல் அது.

3

வாசல் என்றதும் நம்முடைய பழைய வாசல்களைப் பார்க்காமல் போக முடியாது. பழந்தமிழ் மரபில் தெரியாத புரவலனை அடைவதற்கு ஓர் இலக்கிய வகையே இருந்தது: ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், பெறாதவனை எதிரே கண்டு, இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னது கிடைக்கும், இன்னானிடம் போய் நில் என்று வழிகாட்டுவது. தொல்காப்பியம் இதைப் புறத்திணையியலில் சொல்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து, இந்த வகை. வழக்கமாக இதை மன்னனுடைய கொடைச் சிறப்பு என்று பாடம் நடத்துவார்கள். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. உள்ளே போய்வந்தவன், உள்ளே போகாதவனிடம் வழியை மறைக்காமல் சொல்கிறான். தகவல் பக்கவாட்டில் நகர்கிறது, வறியவனிடமிருந்து வறியவனுக்கு. நமக்கு இது பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று, புறநானூற்றின் 208ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனார் மலைகள் கடந்து அதியமானைப் பார்க்க வருகிறார். அவனோ நேரில் பார்க்காமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுக்கிறார். என்னைப் பார்க்காமலே கொடுத்த பொருளை எடுத்துக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை. என் தகுதியை அறிந்து தந்தால் தினையளவு போதும் என்பது அவருடைய நிலை. கொடுப்பதிலும் கேட்பதிலும் ஒருவரை ஒருவர் அறிவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அது சந்தை. இப்படி ஓர் எல்லையை இரவலன் பக்கத்திலிருந்தே ஒருவர் போட்டுவிட்டார்.

பிற்காலச் சீட்டுக்கவியில் இந்த நிமிர்வு ஒரு சடங்காகவே ஆகிவிடுகிறது. புலவன் உதவி கேட்டு ஓலை அனுப்புகிறான். ஆனால் தன் பெருமையை முதலில் நிறுத்திவிட்டுத்தான் கேட்கிறான். பாரதி 1919இல் எட்டயபுரம் ஜமீனுக்கு எழுதியது இந்த வடிவத்தில்தான். வயிறு காய்ந்தாலும் ஓலை குனியாது. ஆனால் இதை ரொம்பவும் கொண்டாடிவிட வேண்டாம். அந்த நிமிர்வு புலவனுக்கு உரியது. உழவனுக்கும் தோட்டிக்கும் அந்த வடிவம் திறந்திருக்கவில்லை. அவர்களுடைய மனு கும்பிடில் தொடங்கிக் கும்பிடில் முடிந்தது.

இந்தக் கும்பிடைப் பற்றி ஃபூக்கோ 1977இல் ஒரு கட்டுரை எழுதினார். 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் சாதாரண ஜனங்கள் அரசனுக்கு அனுப்பிய விண்ணப்பங்கள்: குடிகாரப் புருஷனை அடைத்துவையுங்கள், ஊதாரி மகனைப் பிடித்துப்போடுங்கள் என்கிற மாதிரி. விஷயம் அற்பம், நடையோ ராஜநடை. எழுத்தர்களிடம் கூலி கொடுத்து வாங்கிய நடை. அதிகாரத்தின் முன் வரும்போது எளியவர் தன் குரலில் பேச முடிவதில்லை. அதிகாரம் எதைக் கேட்கப் பழகியிருக்கிறதோ அந்தக் குரலை இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. 'உங்கள் பயணம் என்னை ஈர்த்தது' என்கிற வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும். கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிறவர் இடத்தில் இன்று ஒரு கையேடு உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

4

அந்தக் கையேட்டுக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு. 1887. அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியை நடத்திய ஜான் பேட்டர்சன், தன்னுடைய விற்பனைக்காரர்கள் கடைக்காரனிடம் என்ன பேச வேண்டும் என்பதை எழுதவைத்து, அவர்கள் அதை மனப்பாடம் செய்தே தீர வேண்டும் என்றார். எதிரே இருக்கிற கடைக்காரனுக்கு அந்தக் கையேட்டில் பெயர் கிடையாது. அவன் 'பி.பி.', வாங்கக்கூடியவன். எங்கே பேசுவது, எங்கே நிறுத்துவது, எப்போது கையைக் காட்டுவது என்று எல்லாம் எழுதப்பட்டிருந்தது.

இங்கே இரண்டு தன்னிலைகள் ஒரே சமயத்தில் அழிகின்றன. பேசுகிறவன் தன் வார்த்தையைப் பேசவில்லை. கேட்கிறவன் ஓர் ஆளாகக் கூப்பிடப்படவில்லை. அல்தூஸர் விளித்தல் என்று சொன்னாரே, போலீஸ்காரன் தெருவில் 'ஏய்' என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிறவன் அரசின் குடிமகனாகிறான் என்று, அதன் வியாபார வடிவம் இது. பதில் போட்ட நிமிடத்தில் நீங்கள் வாடிக்கையாளர். 'ப்ராஸ்பெக்ட்' என்கிற ஆங்கிலச் சொல்லும் சும்மா வந்ததல்ல. நிலத்தைத் தோண்டித் தங்கம் தேடுவதற்கும் அந்த மொழியில் அதே சொல்தான். 'கோல்ட்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். குளிரா தங்கமா என்று தெரியாது. வியாபாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதே 1887 டிசம்பரில் ஈரோட்டில் ஒரு குழந்தை பிறந்தது.

5

ராமானுஜன் 1913 ஜனவரி 16இல் கேம்பிரிட்ஜின் ஜி.எச். ஹார்டிக்கு எழுதியதுதான், முன்பின் தெரியாதவருக்கு எழுதி வெற்றிபெற்ற கடிதங்களில் உலகம் நினைவு வைத்திருக்கிற ஒன்று. மேதை, நாமகிரித் தாயார், கனவு என்றெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அதை ஒரு கடிதமாக மட்டும் வாசித்துப் பார்ப்போமே.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் என்று தொடங்குகிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை மறைக்கவில்லை. வயதை ஏறத்தாழ 23 என்கிறார்; உண்மையில் 25 முடிந்திருந்தது. அடுத்து நேரே விஷயம். நீங்கள் எழுதிய சிறுநூலை அண்மையில் பார்த்தேன், அதன் 36ஆம் பக்கத்தில் பகா எண்களின் எண்ணிக்கைக்குத் துல்லியமான கோவை இன்னும் கிடைக்கவில்லை என்று இருக்கிறது, நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன் என்கிறார். பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நூற்றுக்கும் மேல். மதிப்பு உண்டென்று தோன்றினால் வெளியிட விரும்புகிறேன், நான் ஏழை, அனுபவமில்லாதவன், ஆலோசனை சொல்லுங்கள். இதுதான் கேட்டது.

கவனிக்க வேண்டியவை: பெறுகிறவர் எழுதியதைப் படித்திருக்கிறார், பக்க எண்ணோடு. புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை. இருப்பது ஒரு மறுப்பு. தேவையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வேலையை நீளமாகக் காட்டுகிறார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தத் தூண்டில், அதாவது பகா எண் பற்றிய கோரிக்கை, தவறு. ஹார்டி பின்னாட்களில் அதை விளக்கமாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கூட வந்த தேற்றங்களில் பல அதுவரை யாரும் பார்க்காதவை. அவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படிக் கற்பனை செய்ய யாராலும் முடியாது என்ற முடிவுக்கு ஹார்டி வந்தார். பிப்ரவரி 8இல் நிரூபணங்கள் கேட்டுப் பதில் எழுதினார்.

சரி, எல்லாரும் சொல்கிற நீதி: திறமை இருந்தால் ஒரு கடிதம் போதும். இந்த நீதியைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

6

அந்தக் கடிதத்துக்கு முன்னால் என்ன நடந்தது? கும்பகோணத்தில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகை போனது. சென்னைப் பச்சையப்பனில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. தேர்வு முறை அவரை வெளியே தள்ளியது. பிறகு 1910இல் நோட்டுப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கிய ராமஸ்வாமி ஐயரைப் பார்க்கப் போகிறார். அவர் டெப்டி கலெக்டர். அவர் சென்னைக்கு அறிமுகக் கடிதம் தருகிறார். சேஷு ஐயர் வழியாக நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவர் மாதம் 25 ரூபாய் தந்து ஆதரிக்கிறார். 1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர், அவரும் கணிதக்காரர். அவருக்கு மேலே தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். பொறியியல் கல்லூரி கிரிஃபித் லண்டனில் இருந்த ஹில்லுக்கு எழுதுகிறார். ஹில், இவர் விரிதொடர்களின் குழியில் விழுந்துவிட்டார் என்று பதில் போடுகிறார். கேம்பிரிட்ஜில் பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் எழுதியதில் பயனில்லை. அதற்குப் பிறகுதான் ஹார்டி. ஹார்டியும் சும்மா பதில் போட்டுவிட்டு இருக்கவில்லை. லண்டன் இந்தியா ஆபீசுக்குச் சொன்னார், அங்கிருந்து சென்னைக்குச் சொல் வந்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பிப்ரவரி கடைசியில் சிபாரிசு செய்ய, சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது.

ஆக, அது தனியாக வந்த கடிதம் இல்லை. ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. அந்தச் சங்கிலியின் இந்தியப் பகுதியில் வரும் பெயர்களுடைய வாலைப் பாருங்கள்: ஐயர், ஐயர், ராவ், ஐயர். நான் ராமானுஜனுடைய மேதைமையைக் குறைக்கச் சொல்லவில்லை. அவருடைய பசி பொய்யில்லை. ஹார்டிக்கு எழுதிய இரண்டாவது கடிதத்திலேயே அரைப்பட்டினி என்று எழுதுகிறார். ஆனால் வறுமையும் சமூக மூலதனமும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்க முடியும் என்பதுதான் பிராமண வறுமையின் விசேஷம். பட்டினி கிடக்கிறவன் டெப்டி கலெக்டர் வீட்டு வாசலில் போய் நோட்டை நீட்டலாம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். அந்தக் காலத்தில் அதே பட்டினியோடு, அதைவிடக் கூடுதல் பட்டினியோடு, சேரிப்பிள்ளை ஒருவன் அந்தத் தெருவுக்குள் கால் வைக்க முடியுமா? பியர் பூர்தியு சமூக மூலதனம் என்றது இதைத்தான்: உனக்கு யாரைத் தெரியும் என்பது மட்டுமல்ல, நீ யார் வீட்டு வாசலில் நின்றால் விரட்டப்படமாட்டாய் என்பதும்.

கடிதத்தில் தெருவும் வாசலும் இல்லையே என்று சொல்லலாம். பெயர் இருக்கிறதே. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 அக்டோபரிலிருந்து 66 வாரங்கள், ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பு, அனுபவம் ஒன்றே, பெயர்தான் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வருகிற வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அமெரிக்காவில் பெர்ட்ரண்டும் முல்லைநாதனும் 2004இல் வெளியிட்டது இதே வகை ஆய்வு: வெள்ளையர் பெயருக்கு 50 சதவீதம் அதிக அழைப்பு. முன்பின் தெரியாதவர் என்று யாரும் இல்லை. பெயரைப் படித்ததுமே தெரிந்துவிடுகிறது, தெரிய வேண்டியது எல்லாம். தொழில்முறைத் தளத்தில் பெயரோடு முகமும் ஊரும் கல்லூரியும் சேர்ந்து வருகிறது.

7

தொடர்புகளின் வலிமை பற்றி நவீன சமூகவியல் சொன்னதில் முக்கியமானது மார்க் கிரனோவெட்டரின் 1973 கட்டுரை. பாஸ்டன் பக்கத்தில் தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களைக் கேட்டபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் ஆறில் ஒருவர் மட்டுமே. எப்போதாவது பார்க்கிறவர், அபூர்வமாகப் பார்க்கிறவர், இவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் வேலைச் செய்தி வந்தது. காரணம் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும்; தூரத்தில் இருப்பவர்தான் வேறு உலகத்தின் செய்தியைக் கொண்டுவருகிறார். லிங்க்ட்இன் இந்தக் கருத்தைத் தொழிலாக்கியது. 2015 முதல் 2019 வரை சுமார் 2 கோடிப் பயனர்களுக்கு, 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்ற பட்டியலை வெவ்வேறு விதமாகக் காட்டிச் சோதித்தார்கள். 2022இல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வந்தது. ஓரளவு தூரத்துத் தொடர்புகள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின என்று உறுதியானது. நல்லது. ஆனால் யாருக்கு எந்த வாசல் தெரிய வேண்டும் என்று ஒரு கம்பெனி நாலு வருஷம் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்திருக்கிறது. அடுக்கப்பட்டவர்களுக்குத் தாம் அந்தச் சோதனையில் இருந்தது தெரியாது. முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் பயனரின் பெயரிலேயே நினைவூட்டல் அஞ்சல்களைத் திரும்பத் திரும்ப அனுப்பியதாக வந்த வழக்கை அதே கம்பெனி 2015இல் 1.3 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. நம் பெயரில் இன்னொருவன் கடிதம் போடுகிறான். மரத்தடி எழுத்தராவது என்ன எழுத என்று கேட்டுவிட்டு எழுதினார்.

இதை நம் ஊருக்குப் பொருத்தினால் கிரனோவெட்டர் மட்டும் போதாது. தூரத்து உறவு உதவும் என்கிறார் அவர். இங்கே தூரத்துத் தொடர்புகளும் சாதிக்குள்ளேயே ஓடுகின்றன. மாமாவின் சம்பந்தி, அத்தையின் ஊர்க்காரர், எல்லாம் தூரம்தான், எல்லாம் ஒரே வட்டம்தான். வட்டத்துக்கு வெளியே எழுதுகிறவனுக்குத்தான் அது உண்மையிலேயே 'கோல்ட்'. உள்ளே இருப்பவன் எழுதும்போது அது முன்பே சூடாக இருக்கிறது. அவனுக்கே அது தெரியாது.

8

அப்படியானால் வெளியே இருப்பவர் எழுதவே கூடாதா? இங்கேதான் இன்னொரு கடிதம் எனக்கு முக்கியமாகிறது.

ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய அதே 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு ஓர் இளைஞர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அம்பேத்கர். அவரை அந்த மன்னரிடம் கொண்டுசேர்த்ததிலும் கேளுஸ்கர் என்ற சீர்திருத்தவாதி ஆசிரியர் ஒருவருடைய அறிமுகம் இருந்தது. சங்கிலி இல்லாமல் யாரும் மேலே வரவில்லை. அம்பேத்கரின் சங்கிலி மெல்லியது, ஒன்றிரண்டு கண்ணிகளால் ஆனது.

33 வருஷம் கழித்து, 1946 ஜூலையில், அவர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்கு ஒரு சிறிய கடிதம் எழுதினார். இருவரும் அதற்குமுன் சந்தித்ததில்லை. கடிதம் அதை ஒளிக்காமல் சொல்கிறது. ஒடுக்கப்பட்டவர்களின் விடுதலைக்கு உழைக்கும் எல்லாருக்கும் உங்களைத் தெரியும், எனக்கும் அப்படித்தான் தெரியும் என்கிறார். நான் இந்தியாவின் தீண்டப்படாதவர்களைச் சேர்ந்தவன் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். நீக்ரோக்களின் நிலைமையும் தீண்டப்படாதவர்களின் நிலைமையும் மிகவும் ஒத்தவை, இதைப் படிப்பது இயல்பானது மட்டுமல்ல, அவசியமும்கூட என்கிறார். ஐக்கிய நாடுகள் அவையிடம் நேஷனல் நீக்ரோ காங்கிரஸ் தந்த மனுவின் இரண்டு மூன்று பிரதிகள் கிடைக்குமா என்று கேட்கிறார். முடிந்தது.

டு பாய்ஸ் ஜூலை 31இலேயே பதில் எழுதினார். உங்கள் பெயரும் பணியும் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார். அந்த அறிக்கையை இணைத்தனுப்பினார். இதைவிட விரிவான ஒன்று வரும், வந்தால் அனுப்புகிறேன் என்றார். அந்த விரிவான மனுவை 1947 அக்டோபரில் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம் ஐ.நா.வில் கொடுத்தது.

இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராமானுஜன் மேல்நோக்கி எழுதுகிறார். அம்பேத்கர் பக்கவாட்டில் எழுதுகிறார். ராமானுஜனுக்குத் தன் அடையாளம் விளக்கம் சொல்ல வேண்டிய குறை: குமாஸ்தா, பட்டமில்லை. அம்பேத்கருக்கு அடையாளமே கடிதத்தின் அடிப்படை. 'தீண்டப்படாதவன்' என்ற சொல்லை ஊரில் அவரை வாசலில் நிறுத்தப் பயன்படுத்தினார்கள். அந்தச் சொல்லையே கடல் கடந்து ஒரு கதவைத் தட்டப் பயன்படுத்துகிறார். கேட்பது சிறியது, பெயரோடு குறிப்பாகக் கேட்கப்பட்டது, பெறுகிறவரால் சுலபமாகச் செய்யக்கூடியது. கேட்பதோ தனக்காக அல்ல. பெருஞ்சித்திரனார் கேட்ட அந்த அறிதல் இங்கே இரண்டு பக்கமும் நடக்கிறது.

9

இவற்றிலிருந்து எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் செய்ததில் ஒன்றையாவது உண்மையில் படித்துவிட்டு எழுதுங்கள். படித்தது எது என்று பக்க எண்ணோடு தெரியட்டும். ஈர்த்தது என்று சொல்லாதீர்கள். எங்கே உடன்படவில்லை அல்லது எது புரியவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் தேவை இரண்டு வரி, உங்கள் வேலை மீதி. ஒரே ஒரு சிறிய காரியத்தைக் கேளுங்கள். மறுப்பதற்கும் அவருக்கு வழி விடுங்கள். ஆயிரம் பேருக்கு ஒரே கடிதம் அனுப்புவதைவிடப் பத்துப் பேருக்குப் பத்துக் கடிதம் எழுதுவது மேல். தார்மீகம் ஒருபுறம், காரியத்துக்கே அதுதான் நல்லது. கையேடுகளும் இதில் பாதியைச் சொல்கின்றன, 'பெர்சனலைஸ்' செய்யுங்கள் என்று. ஆனால் அவை சொல்வது ஆளை அறிவது போல் நடிப்பதற்கான உத்தி. நடிப்பை இப்போது எந்திரமே எழுதித் தருகிறது, அதனால் அதன் விலையும் விழுந்துவிட்டது. உண்மையாகப் படித்திருப்பது மட்டும் இன்னும் நேரம் பிடிக்கிற காரியமாக இருக்கிறது.

ஆனால் இது போதும் என்று சொன்னால் நானும் அந்தக் கையேட்டுக்காரன்தான். 0.67 என்ற எண்ணை ஒரு நல்ல வாக்கியம் மாற்றிவிடாது. எழுதுகிறவனைத் திருத்துவதிலேயே எல்லாப் போதனையும் முடிந்துவிடுகிறது. பெறுகிறவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களில் பலர் இன்று பேராசிரியர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், அதிகாரிகள், கம்பெனிகளில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். இருபது முப்பது வருஷத்தில் நம் பக்கத்து ஆட்களும் சில வாசல்களுக்கு உள்ளே போயிருக்கிறோம். நமக்கு வருகிற கடிதங்களில் எத்தனைக்குப் பதில் போடுகிறோம்? இரவல் நடையில், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், கையேட்டு வாக்கியத்தோடு வருகிற கடிதத்தை இரண்டாவது வரியிலேயே மூடிவிடுகிறோமா, அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான் என்று இன்னொரு வரி படிக்கிறோமா?

இன்னொன்றும் செய்யலாம். உள்ளே போனவர்கள் போன வழியை எழுதிவைக்கலாம்: எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்க வேண்டும், எந்த உதவித்தொகைக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும், நேர்காணலில் என்ன கேட்டார்கள், எந்தக் காகிதத்தை யார் கையெழுத்திட்டார்கள் என்று பெயர் பெயராக. மேல்சாதி வீடுகளில் இது சாப்பாட்டு நேரப் பேச்சாகவே கைமாறிவிடுகிறது. எழுதிவைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வதற்கு நம் மொழியில் ஒரு வடிவம் ஏற்கெனவே உண்டு. அதில் மன்னனைப் புகழ்கிற பகுதியை விட்டுவிடலாம். வழி சொல்கிற பகுதி போதும்.

டு பாய்ஸ் அந்த ஜூலையில் 78 வயதுக்காரர், கைநிறைய வேலை உள்ளவர். கடிதம் வந்த மாதமே பதில் எழுதினார்.